கையெழுத்து ஒருவர், பணம் இன்னொருவர்: விழுப்புரம் போக்குவரத்துக் கழகமும் ஊதிய ஒப்பந்தங்களும்

விழுப்புரத்தை ஒட்டிய சாலாமேட்டில் இருக்கிறது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழக விழுப்புரம் நிறுவனத்தின் தலைமையகம். 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கியது. கழகம் ஒன்றுக்குப் பெயர் வைத்ததையொட்டி எழுந்த தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின், 1997-இல், எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். வேலூரின் பட்டுக்கோட்டை அழகிரி, திருவண்ணாமலையின் சம்புவராயர், காஞ்சிபுரத்தின் எம்.ஜி.ஆர். என்று தனித்தனிப் பெயரோடு ஓடிய கழகங்களும் பிற்பாடு இதற்குள் வந்து சேர்ந்தன. இன்று கடலூர் முதல் திருவள்ளூர் வரை ஆறு மண்டலங்கள் இதன் கீழ் இருக்கின்றன.

சட்டப்படி இது ஒரு கம்பெனி. இயக்குநர் குழு உண்டு, மேலாண் இயக்குநர் உண்டு, ஆண்டறிக்கை உண்டு. ஆனால் பேருந்துக் கட்டணத்தை ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ இதற்கு அதிகாரம் இல்லை. அது கோட்டை, அதாவது தலைமைச் செயலகம், பிறப்பிக்கும் அரசாணை. யாருக்கு இலவசப் பயணம் என்பதும் கோட்டை முடிவு. தொழிலாளியின் சம்பளம் குரோம்பேட்டை மாநகரப் போக்குவரத்துக் கழகப் பயிற்சி மையத்தில், எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து, போக்குவரத்து அமைச்சர் முன்னிலையில் பேசி முடிக்கப்படுகிறது. பேசி முடித்த சம்பளத்தை மாதாமாதம் கொடுக்கவேண்டிய பொறுப்பு மட்டும் சாலாமேட்டுக்கு.

அரசின் நிதி நெருக்கடிக்குப் பொதுத்துறைச் சங்கங்களின் கூட்டுப் பேரம்தான் காரணமா என்ற பழைய கேள்வியை இந்த விசித்திர ஏற்பாட்டின் வழியே ஆராய்கிறது இக்கட்டுரை. பேரத்தில் முடிவான தொகையைவிட, அந்தத் தொகை எப்போது, யார் பையிலிருந்து வந்தது என்பதே கவனிக்க வேண்டியது என்பது இதன் வாதம்.

பணிமனையும் பெருந்திட்ட வளாகமும்

விழுப்புரத்தில் அரசுச் சம்பளம் வாங்குவோர் இரண்டு சட்ட உலகங்களில் வாழ்கிறார்கள். பெருந்திட்ட வளாகத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் இளநிலை உதவியாளர் அரசு ஊழியர். அவருக்குச் சங்கம் உண்டு. ஊதியப் பேச்சுவார்த்தை கிடையாது. ஊதியக் குழு அறிக்கை தரும், அரசு ஆணை போடும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 அவருக்கு வேலைநிறுத்தத்தைத் தடை செய்கின்றன.

போக்குவரத்துப் பணிமனையில் வண்டி எடுக்கும் ஓட்டுநரோ 2025 நவம்பர் வரை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி ‘தொழிலாளி’. முன்னறிவிப்புக் கொடுத்து அவர் வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் 14 நாள் காத்திருக்க வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது என்பது விதியாக இருந்தது. சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம், கையெழுத்துப் போடாத சங்கத்தின் உறுப்பினரையும் கட்டுப்படுத்தியது. டிப்போவில் அதற்குச் சட்டப் பிரிவே பெயர்: ‘பன்னிரண்டு மூன்று’. “பன்னிரண்டு மூன்று போட்டாச்சா?” என்றால் சம்பள ஒப்பந்தம் முடிந்ததா என்று பொருள்.

இந்த இரண்டு உலகங்களுக்கு இடையிலான சுவர் எவ்வளவு கனமானது என்பதை 2003 காட்டியது. ஜெயலலிதா அரசு ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலை 2-இல் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2002-இல் கொண்டுவந்த தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை — ஊழியர் வாயில் ‘டெஸ்மா’ — ஜூலை 4-இல் அவசரச் சட்டத்தால் கூர்தீட்டி, சுமார் 1.70 லட்சம் பேரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்தது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்பதும் நிலைபெற்றது.

பேரம் பேசும் உரிமை உள்ளவர் கூடுதலாகப் பெற்றிருப்பார், இல்லாதவர் குறைவாகப் பெற்றிருப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு.

வழக்கமான இரண்டு விளக்கங்கள்

நிதித்துறையின் பார்வை பல வெள்ளை அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட அறிக்கை மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றது. அரசுப் பேருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் ஓடும்போதும் 59.15 ரூபாய் நட்டம் என்றது. இரண்டாவது எண் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. வண்டியே ஓடாமல் நின்றால் அரசுக்கு லாபம் என்கிற கேலியும் கூடவே போனது.

இந்த எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டம் என்பது வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி. செலவுப் பக்கத்தில் சம்பளம், டீசல், வட்டி எல்லாம் அந்தந்த நாளின் விலையில் ஏறுகின்றன. வரவுப் பக்கத்தில் கட்டணம் 2011 நவம்பரில் உயர்ந்தது. பிறகு 2018 ஜனவரியில். அதன்பின் 2025 முடியும் வரை உயரவில்லை. 2018 தொடக்கத்தில் லிட்டர் 70 ரூபாய்க்குள் கிடைத்த டீசல் 90 ரூபாயைத் தாண்டி ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பக்கத்தை உறையவைத்துவிட்டு மறுபக்கத்தில் தொழிலாளியை மட்டும் சுட்டுவது கணக்கியல் ஆகாது.

சங்கங்களின் விளக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பேருந்து சேவை, வியாபாரம் இல்லை. ஆகவே வரவுக்கும் செலவுக்கும் இடையிலான வித்தியாசத் தொகையை அரசே பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று. நியாயமான வாதம்தான். ஆனால் வித்தியாசம் எவ்வளவானாலும் கொடு என்றால், வழித்தடம் வகுப்பதிலும் உதிரிபாகம் வாங்குவதிலும் நடக்கும் விரயத்துக்கும் சேர்த்தே பணம் கேட்பதாகிவிடும். எந்தச் செலவு சேவையின் செலவு, எந்தச் செலவு நிர்வாகக் கோளாறின் செலவு என்று பிரித்துக்காட்டும் வேலையைச் சங்கங்கள் போதிய அளவு செய்யவில்லை.

2.57-உம் 2.44-உம்

2017-18 நிகழ்வுகள் இந்த விவாதத்தின் மையம்.

ஏழாவது ஊதியக் குழுவையொட்டி 2017 அக்டோபர் 11 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு அரசு ஊழியர்களுக்குப் புதிய ஊதியம் அறிவித்தது. பழைய அடிப்படை ஊதியத்தை 2.57-ஆல் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 14,719 கோடி ரூபாய் கூடுதல் செலவு. அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ அதற்கு முந்தைய மாதம் வேலைநிறுத்தம் நடத்தியிருந்தது உண்மை. ஆனாலும் இது ஒப்பந்தம் அல்ல, ஆணை. பெருந்திட்ட வளாகத்து இளநிலை உதவியாளர் எந்த மேசையிலும் உட்காராமல் 2.57 பெற்றார்.

போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதின்மூன்றாவது ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 1 முதல் வந்திருக்க வேண்டியது. அரசு ஊழியருக்குக் கொடுத்த அதே 2.57-ஐத்தான் சங்கங்கள் கேட்டன. 2.44-க்கு மேல் முடியாது என்றது அரசு. 2018 ஜனவரி 4 அன்று, அன்றைய ஆளுங்கட்சியான அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் வேறு சில சங்கங்களும் 2.44-க்குக் கையெழுத்திட்டன. திமுகவின் தொமுச, இடதுசாரிச் சங்கங்களான சிஐடியு, ஏஐடியுசி உள்ளிட்டவை வெளியேறின. அன்று மாலையே வண்டிகள் ஓரங்கட்டத் தொடங்கின. பாதி வழியில் பயணிகளை இறக்கிவிட்டு டிப்போவுக்குத் திரும்பிய பேருந்துகளும் உண்டு. பொங்கலுக்குப் பத்து நாளே இருந்த நேரம். சென்னையிலிருந்து தெற்கே போகும் பெரும்பாலான வண்டிகள் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுத்தான் போகின்றன. தடத்தின் இந்தக் கழுத்து இறுகினால் பாதி மாநிலத்துக்கு மூச்சு முட்டும்.

மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. போராட்டம் ஜனவரி 11 வரை நீடித்து, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனிடம் பிரச்சினையை ஒப்படைத்த பிறகு முடிந்தது. அடுத்த ஒன்பதாம் நாள், ஜனவரி 20-இல், பேருந்துக் கட்டணம் ஏறியது. மாணவர்கள் மாநிலமெங்கும் மறியலில் இறங்கவே, மாத இறுதிக்குள் ஓரளவு குறைக்கப்பட்டது.

இந்த வரிசையைப் பார்த்த பயணி என்ன நினைத்திருப்பார்? டிரைவருக்குச் சம்பளம் ஏற்றினார்கள், அதை நம் தலையில் கட்டினார்கள் என்றுதான். ஆறு ஆண்டுகள் தொடாத கட்டணத்தை வேலைநிறுத்தம் முடிந்த கையோடு தொட்டதால், பழி பங்கிடப்பட்டுவிட்டது. திட்டமிட்டுச் செய்ததா என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. விளைவு அதுவாகத்தான் இருந்தது. அரசு ஊழியருக்கான 14,719 கோடிக்கு எந்தப் பயணியும் சீட்டு வாங்கவில்லை. அது வரிப்பணத்தில் கரைந்தது. போக்குவரத்துத் தொழிலாளியின் 2.44-க்கு மட்டும் கட்டணப் பலகையில் முகவரி கிடைத்தது.

சம்பளச் சீட்டின் பிடித்தப் பக்கம்

ஒப்பந்த எண்களை மட்டும் பார்க்கிற ஆய்வுகள் தவறவிடுவது சம்பளச் சீட்டின் மறுபாதியை. அங்கே பிடித்தங்கள் வரிசையாக இருக்கும்: வருங்கால வைப்புநிதி, எல்ஐசி பிரீமியம், கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் தவணை, சங்கச் சந்தா. சீட்டில் பிடித்தாயிற்று என்று அச்சாகியிருக்கும். பிடித்த தொகை போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. எல்ஐசியிலிருந்து பாலிசி காலாவதி என்று கடிதம் வரும். மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், “கழகத்துலேருந்து பணம் வரலியே, நாங்க எங்கருந்து குடுக்கறது?” என்று திருப்பி அனுப்புவார்கள்.

அந்தப் பணம் டீசலாகவும் டயராகவும் அன்றாடச் செலவாகவும் ஓடிவிட்டது. ஓய்வுபெறுவோரின் பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் இதேபோல் நின்றன. 2017 மே 15-இல் நடந்த வேலைநிறுத்தத்தின் தலையாய கோரிக்கை ஊதிய உயர்வைவிட இந்த நிலுவைதான். 1,250 கோடி ரூபாய் தருவதாக அரசு ஒப்புக்கொண்ட பிறகு இரண்டாம் நாள் முடிந்தது. 2018 போராட்டத்தின்போது, தொழிலாளர் பணம் 7,000 கோடி ரூபாயைக் கழகங்கள் எடுத்துச் செலவழித்துவிட்டன என்று சங்கங்கள் கூறின. தொகையில் வேறுபாடு சொல்வோர் உண்டு. நிலுவை இருந்ததை அரசு மறுக்கவில்லை. ஓய்வூதியர்களின் அகவிலைப்படி உயர்வு 2015 நவம்பரிலிருந்து நின்றுபோனது. எட்டு ஆண்டு கழித்து, 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் அது கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

இதை நிதியியல் மொழியில் சொன்னால், விழுப்புரம் கழகத்துக்குப் பெரிய அளவில் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் அதன் சொந்த நடத்துநர். அவரைக் கேட்டு வாங்கிய கடன் அல்ல, வட்டியும் கிடையாது, ஆவணமும் இல்லை. வங்கிக் கடன் என்றால் வெள்ளை அறிக்கையில் இடம்பெறும். சங்கம் வலுவாக இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை என்பது யோசிக்க வேண்டிய சங்கதி. பேரம் அடுத்த மாதச் சம்பளத்தை உயர்த்த முடிந்தது. போன மாதம் பிடித்த பணத்தைக் காக்க முடியவில்லை.

தாமதம் என்னும் நிதி ஆதாரம்

ஒப்பந்தங்களின் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2016 செப்டம்பர் 1-இல் வரவேண்டிய பதின்மூன்றாவது ஒப்பந்தம் 2018 ஜனவரியில் வந்தது. 16 மாதத் தாமதம். 2019 செப்டம்பர் 1-இல் வரவேண்டிய பதினான்காவது, 2022 ஆகஸ்ட் 24-இல் வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டு. 2023 செப்டம்பர் 1-இல் வரவேண்டிய பதினைந்தாவது, 2025 மே 29-இல். ஏறக்குறைய 21 மாதம். பதினான்காவதில் உயர்வு 5 விழுக்காடு, பதினைந்தாவதில் 6 விழுக்காடு.

மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த ஒப்பந்தக் காலத்தைப் பதினான்காவது ஒப்பந்தம் நான்கு ஆண்டாக்கியது. கையெழுத்தானபோது அந்த நான்கில் மூன்று ஏற்கெனவே கழிந்திருந்தது. காலம் நீள்வதே ஒரு சிக்கனம்தான்: நான்காம் ஆண்டில் உயர்வு இல்லை. ஒப்பந்தம் அமலாகும் தேதி ஒன்று, பணப்பயன் கைக்கு வரும் தேதி இன்னொன்று என்று எழுதிக்கொள்வது மற்றொரு சிக்கனம். விழுக்காட்டைப் பற்றி வாயிற்கூட்டங்களில் காரசாரமாகப் பேசும் தலைவர்கள் தேதியைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. விழுக்காடு செய்தித்தாளில் வரும், தேதி வராது.

அரசு ஊழியர்களிடமும் இதே உத்தி கையாளப்பட்டது, வேறு கருவிகளால். 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் வசதியும் நின்றது. ஓய்வு வயது 58-லிருந்து 2020 மே மாதத்தில் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் ஏறியது. இளைஞர்களின் வேலைவாய்ப்பைப் பறிக்கிறது என்று அதை விமர்சித்தார்கள். கருவூலக் கோணத்தில் அதன் முதல் பயன் வேறு: இரண்டு ஆண்டுகளுக்கு ஓய்வுக்காலப் பணப்பலன்களைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, நிதி நெருக்கடியைப் பேரம் உண்டாக்கியதா என்ற கேள்விக்குத் தேதிகள் தரும் பதில் வேறு திசையில் இருக்கிறது. நெருக்கடி பேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேரத்தின் வேகத்தை அது நிர்ணயிக்கிறது.

கொடி மாறும், நாற்காலி மாறாது

விழுப்புரம், திண்டிவனம் பணிமனை வாசல்களில் கொடிக்கம்பங்களை எண்ணினாலே தமிழக அரசியல் வரைபடம் கிடைத்துவிடும். தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, அண்ணா தொழிற்சங்கப் பேரவை. பாமக நிறுவனர் வசிக்கும் தைலாபுரம் பக்கத்திலேயே இருப்பதால் பாமக சார்பு சங்கத்துக்கும் இங்கே தனி மதிப்பு. அண்மைப் பேச்சுவார்த்தைகளில் பங்கேற்ற சங்கங்களின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டும்.

2018-இல் அண்ணா தொழிற்சங்கப் பேரவை வண்டியை ஓட்டியது, தொமுச நிறுத்தியது. 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் திமுக ஆட்சியில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொமுச ஓட்டியது, அண்ணா தொழிற்சங்கப் பேரவை சிஐடியுவோடு சேர்ந்து நிறுத்தியது. இரண்டு முறையும் உயர் நீதிமன்றம் தலையிட்டது, இரண்டு முறையும் பொங்கல் பெயர் சொல்லப்பட்டது, இரண்டு முறையும் ஓய்வூதியர் நிலுவை பாக்கியிருந்தது. 2021 பிப்ரவரி 25-இல் தொடங்கிய வேலைநிறுத்தமோ, தேர்தல் தேதி அறிவிப்புக்கு நடுவே, 1,000 ரூபாய் இடைக்கால நிவாரணத்தோடு மூன்றாம் நாள் முடிந்தது.

ஆளுங்கட்சிச் சங்கம் பணிமாறுதலையும் டியூட்டியையும் கவனித்துக்கொள்ளும், எதிர்க்கட்சிச் சங்கம் நிலுவையைக் கேட்டுப் போராடும் என்கிற இந்தப் பங்கீடு நிதித்துறைக்கு மிக வசதியானது. கையெழுத்துப் போட எப்போதும் ஒருவர் தயாராக இருக்கிறார். அவர் கையெழுத்து எல்லோரையும் கட்டும்.

இலவசப் பயணமும் புதிய வாடிக்கையாளரும்

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாகச் சொன்னது. முதலில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஈடு தருவதாகத் தொடங்கிய அரசு, 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ஒதுக்கியது.

திண்டிவனம் மேம்பாலத்தடியில் ஏறி மரக்காணம் பக்கம் நெல் அறுப்புக்குப் போகும் பெண்ணுக்கு நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் விலையில்லாச் சீட்டு ஒவ்வொன்றும் இன்று அரசின்மேல் ஒரு பில். சேவைக்கு விலை போட்டு அரசே வாங்குகிற முறை, தொகை போதுமா என்ற சர்ச்சைக்கு அப்பால், கணக்கை முன்பைவிட வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. சங்கங்கள் கேட்கும் ‘வித்தியாசத் தொகை’க்குப் பதிலாக இன்ன சேவைக்கு இன்ன தொகை என்று பேசுவதற்கு இங்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதைச் சங்கங்கள் இன்னும் கையில் எடுக்கவில்லை.

பக்கத்து மாநிலங்கள்

ஆந்திரம் வேறு வழியில் போனது. 2020 ஜனவரி 1 முதல் அதன் போக்குவரத்துக் கழக ஊழியர்களை அரசுத் துறைக்குள் எடுத்துக்கொண்டது. தெலங்கானாவில் 2019 அக்டோபர் 5 முதல் 52 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கையும் அதுவே. அப்போது தோற்றது, 2023 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் மசோதாவாகவே நிறைவேறியது. மகாராஷ்டிரத்தில் 2021-22 குளிர்காலம் முழுக்க நீடித்த போராட்டமும் அரசோடு இணைப்பைத்தான் கேட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கூட்டுப் பேர உரிமை உள்ள தொழிலாளி, அதை விட்டுவிட்டு, அந்த உரிமை இல்லாத அரசு ஊழியராக மாறத் துடிக்கிறார். கருவூலத்திலிருந்து மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்கிற உறுதிக்காக மேசையையே விட்டுக்கொடுக்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2011-இல் பட்ஜெட் பற்றாக்குறையைச் சொல்லிப் பொது ஊழியரின் பேர உரிமையைச் சட்டம் போட்டு வெட்டினார்கள். மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை மக்கள் முற்றுகையிட்டார்கள். இங்கே வெட்டாமலேயே அந்த உரிமையின் மதிப்புக் குறைந்துவிட்டது.

பேரம் இல்லாத அரசு ஊழியர் தரப்போ 2026 ஜனவரி 3 அன்று இன்னொரு வெற்றி கண்டது. மு.க. ஸ்டாலின் அரசு, கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டை உறுதிசெய்யும் ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஜாக்டோ-ஜியோ அறிவித்திருந்த வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. 2003-இல் பறிபோனதில் பெரும்பகுதியை, சட்டம் தடை செய்த ஆயுதத்தைக் காட்டியே, சட்டமன்றத் தேர்தல் ஆண்டில் பெற்றார்கள்.

புதிய சட்டம்

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே ஒற்றைப் பேரச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து பேரக் குழு. அறுபது சங்கங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்தில் நான்கைந்துக்குமேல் கணக்கில் வராது. தொழிலாளர் எண்ணிக்கை சரியாகக் கணக்கிடப்பட்டு இது நடந்தால், சிறு சங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் பழைய வழி அடைபடும். ஆளுங்கட்சி மாறும்போது சந்தாவும் சங்கம் மாறுகிற வழக்கமோ, ஆதரவுக் கணக்கெடுப்பையே இன்னொரு தேர்தலாக்கிவிடும்.

புதிய தொகுப்பு தொடாத இடம் ஒன்று உண்டு. முதலாளி யார் என்பதை அது நிறுவனத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கட்டணத்தையும் மானியத்தையும் தீர்மானிக்கும் நிதித்துறையைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்க அதில் வழியில்லை. கடந்த மூன்று ஒப்பந்தங்களும் போக்குவரத்து அமைச்சரோடு பேசி முடிந்தன. பிடித்தத் தொகையைச் செலுத்தும் தேதி, நிலுவைக்கான வட்டி, ஓய்வு நாளன்றே பணிக்கொடை ஆகியவற்றுக்கு நிதித்துறையின் கையெழுத்து தேவை. 2025 மார்ச்சில் ஓட்டுநர் உடன் நடத்துநர் பணிக்கு எட்டுக் கழகங்களிலும் 3,274 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அவற்றில் விழுப்புரத்துக்கு 322. அந்த 322 பேரும் தங்கள் முதல் சம்பளச் சீட்டிலேயே வருங்கால வைப்புநிதிப் பிடித்தத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் பெயரிலான அந்தத் தொகை அந்த மாதமே கணக்கில் ஏறுகிறதா என்பதைப் பதினாறாவது ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாகக் கேட்கச் சங்கங்களுக்குச் சட்டத்தில் இன்றும் தடை ஏதுமில்லை.